சூடம் அணைச்சவன்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் சூடம் அணைச்சுப் பொய் சத்தியம் பண்ணேன். திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு வெடி மருந்து கலக்கப் போனேன். இந்த ரெண்டு காரியத்தையும் அடுத்தடுத்த நாள்ல செஞ்ச கிறுக்குப்பய தாயில்பட்டி வட்டாரத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். கூறு உள்ளவன் எவனும் நெருப்பு முன்னாடி பொய் சொல்லிட்டு மறுநாள் நெருப்புக்குள்ளயே போய் உக்கார மாட்டான்.

என் பேரு பாலகுரு. பட்டாசுக் கம்பெனியில கலவை ரூம்ல வேலை. மத்த ரூம்ல நாலு பேரு இருக்கலாம், எங்க ரூம்ல ரெண்டே பேருதான். ஏன்னு கேட்டா, போனா ரெண்டோட போகட்டும்னுதான். என் ஜோடி அச்சங்குளத்து அருள்பாண்டி. நாலு வருசமா அவனும் நானும் எதிரெதிரா உக்காந்து மருந்து சலிக்கிறோம். என் பொண்டாட்டி வள்ளித்தாய் மூஞ்சியப் பார்த்ததவிட அவன் மூஞ்சியத்தான் அதிகம் பார்த்திருக்கேன். உள்ள போயிட்டா பேச்சுக் கிடையாது. கண்ணு காட்டுனா சல்லடை, தாடைய ஆட்டுனா அடுத்த டப்பா. மத்தியானம் வெளிய வந்து கை கழுவுனப் பொறவுதான் வாயே தெறப்போம். அப்படித் தெறந்தா அவன் வாய மூட முடியாது, அது வேற கத.

போன வருசம் பக்கத்துக் கம்பெனி ஒண்ணு வெடிச்சுச்சு. நாங்க வேலியத் தாண்டி ஓடிப் போய்ப் பார்த்தோம். பார்த்ததச் சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் என் கை நடுங்குச்சு. சல்லடையப் பிடிச்சா தகரத்துல மழை விழுந்த மாதிரி நடுங்குச்சு. ஃபோர்மேனுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வெளிய அனுப்பிருவாரு. அருள்பாண்டி ஒரு வார்த்த பேசாம என் சல்லடைய வாங்கி என் வேலையையும் சேர்த்து அவனே பார்த்தான். ரெண்டு மாசம். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச விசயம் அது.

அதத்தான் அவன் கிரவுண்டுல வச்சுச் சொன்னான்.

எங்க ஊரு டீமுக்கும் அச்சங்குளத்துக்கும் கீரியும் பாம்பும்தான். வத்துன கண்மாய்க்குள்ள புட்பால் பைனல். ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கோல், முடிய பத்து நிமிசம். நான் முன்னாடி ஆடுறவன், அருள்பாண்டி என்னைய மறிக்கிறவன். முழு மேட்ச்சும் என் முதுகுலயே ஒட்டிக்கிட்டு நையாண்டி பண்ணிட்டு வந்தான். அது அவன் வழக்கம், நானும் திருப்பிக் குடுத்துட்டேதான் இருந்தேன். எங்களுக்குக் கார்னர் கெடச்சுச்சு. எல்லாரும் கோல் முன்னாடி கூடி நிக்கோம். அப்ப சத்தம் போட்டுச் சொல்றான்: "ஏலே, இவன விட்டுட்டு மத்தவனப் பிடிங்கலே! மருந்து ரூம்ல கை நடுங்குற பய. காலு மட்டும் நிக்கவா போகுது?"

அவன் ஆளுக சிரிச்சானுக. எங்க கேப்டன் அய்யப்பன் திரும்பி, "என்னல சொல்றான்? எந்தக் கை?"ன்னான். எனக்குக் காது ரெண்டும் அடைச்சுக்கிச்சு. பந்து வந்துச்சு. எல்லாரும் எம்பினோம். நான் பந்தப் பார்க்கவே இல்ல. முழங்கைய மடக்கி அவன் நெத்திப் பொட்டுல வச்சு ஒரே இடி. டொக்குன்னு கேட்டுச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டது நானும் அவனும்தான்னு நெனைக்கேன்.

அடுத்து என்ன நடக்கும்? சண்டைதான். அவுக ஆளுக "வேணும்னே இடிச்சான்"ங்கானுக, எங்க ஆளுக "தானா விழுந்தான்"ங்கானுக. சட்டையப் பிடிச்சு, கல்லெடுத்து, ஒரே களேபரம். ரெப்ரி பந்தப் பார்த்துக்கிட்டு இருந்தேங்காரு. மூணு பேரு செல்லுல எடுத்திருந்தானுக, மூணுலயும் கீப்பர் முதுகுதான் தெரியுது. அதுக்குள்ள அருள்பாண்டி எந்திரிச்சு உக்காந்து தண்ணி குடிச்சுட்டான். "எந்திரிச்சுட்டாம்லா, பெறகு என்ன அடி?"ன்னு எங்க பக்கம் கத்துனாக.

கமிட்டிக்காரக கூடிப் பேசி முடிவு சொன்னாக. கரையில இருக்க கருப்பசாமி முன்னாடி நான் சூடம் அணைச்சு 'இடிக்கல'ன்னு சொல்லணும். சொன்னா கப்பு எங்களுக்கு, சொல்லாட்டி அவுகளுக்கு. அய்யப்பன் என் காதுல, "ஊரே நிக்குல, ஞாபகம் வச்சுக்கோ"ன்னான். அருள்பாண்டி ஈரத் துண்டத் தலையில போட்டுக்கிட்டு தள்ளி உக்காந்து என்னையவே பார்த்துக்கிட்டிருந்தான். சூடம் எரியுது. உள்ளங்கையால அடிச்சு அணைச்சேன். "நான் இடிக்கல"ன்னேன். எங்க ஊரு என்னையத் தூக்கிக்கிட்டு ஆடுச்சு. நானும் சிரிச்சேன், வெக்கங்கெட்டவன்.

வீட்டுக்கு வந்ததும் வள்ளித்தாய் என் உள்ளங்கையத் திருப்பிப் பார்த்தா. "இடிச்சீகளா?"ன்னு கேட்டா. "போடி வேலையப் பார்த்துக்கிட்டு"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவ சோத்தப் போட்டு வச்சுட்டு, "நாளைக்கு லீவு போடுங்க. கும்பிட்டுக் கேக்கேன்"ன்னா. லீவு போட்டா குத்தமுள்ளவன்னு ஆயிரும்லா? அதான் போனேன்.

அய்யப்பன்தான் கம்பெனி வேனுக்கும் டிரைவர். அருள்பாண்டி வழக்கமா ஏறும்போதே எவன் தலையிலயாவது தட்டிட்டுத்தான் உக்காருவான். அன்னைக்கு ஒண்ணுமில்ல. ஏறுனான், சன்னல் பக்கம் சாஞ்சான், கண்ண மூடிக்கிட்டான். நான் எதுக்க உக்காந்திருந்தேன். என்னையப் பார்க்கவே இல்ல.

ஃபோர்மேன் வேலுச்சாமி அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். கலவை ரூமுக்குப் போறவன வாசல்ல நிறுத்தி சட்டைப் பையத் தடவுவாரு, வாய மோந்து பார்ப்பாரு, உடம்புல இருக்க கரண்டு இறங்கட்டும்னு செம்புத் தகட்டத் தொடச் சொல்வாரு, கடைசியா, "மனசுல என்னமும் கெடக்கால?"ன்னு கேப்பாரு. பொண்டாட்டியோட சண்டைன்னு சொன்னாக்கூட போதும். அன்னைக்கு மருந்து கெடையாது, காகிதக் குழாய் சுத்துற பக்கம் போயிரணும். இது எந்தச் சட்டத்துலயும் இல்ல, அவராப் போட்ட சட்டம். கோவக்காரன் கை மருந்துக்கு ஆகாதும்பாரு.

அன்னைக்கும் கேட்டாரு. "கெரவுண்டுல ஏதோ தகராறுன்னாகளே, ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லயே?"

நான் முந்திக்கிட்டு, "ஒண்ணுமில்லண்ணாச்சி"ன்னேன்.

அருள்பாண்டி என்னையப் பார்த்தான். மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணாச்சி"ன்னான்.

நக்கலாச் சொல்றான்னு நெனைச்சேன். வன்மத்த மனசுல வச்சுக்கிட்டு, வெளிய தெரியாம, உள்ள வாடி பார்த்துக்கிடுதேன்னு சொல்றான்னு நெனைச்சேன். அப்ப வாயத் தெறந்து உண்மையச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் காகிதம் சுத்தப் போயிருப்போம். சொல்லல. சூடம் அணைச்சவன் எப்படிச் சொல்லுவான்?

உள்ள போய் உக்காந்தோம். நாலு பக்கமும் கதவு தெறந்து கெடக்கு. கீழ ரப்பர் விரிப்பு. வெறுங்காலு. நடுவுல தட்டு. பதினஞ்சடி தள்ளி அடுத்த ரூம்ல நாலு பொம்பளையாளுக குழாய்க்கு மருந்து அடைச்சுக்கிட்டிருக்காக. அதுல ஒருத்தி இருமுறது கேக்குது. எங்க ரூம் போனா அந்த இருமலும் போயிரும்.

பேசக் கூடாத ரூம்ல ஒருத்தன் கோவத்துல பேசாம இருக்கானா, சும்மா பேசாம இருக்கானான்னு எப்படித் தெரியும்? அதனால அவன் கையவே பார்த்தேன். அவன் சல்லடையக் கொஞ்சம் அழுத்துனாப் போதும். ஒரு உரசல். அம்புட்டுத்தான். தெரிஞ்சே செய்வானோ? நான் செத்தாலும் இந்தப் பொய்ச் சத்தியக்காரனயும் இழுத்துட்டுத்தான் போவேன்னு நெனைக்கானோ? அவனுக்கு வீட்டுல பொண்டாட்டி இசைவாணி இருக்காளே, அவள நெனைக்க மாட்டானா? இல்ல, கருப்பசாமிதான் இவன் கைக்குள்ள வந்து உக்காந்திருக்காரோ? சிரிக்காதீக. அந்த ரூம்ல வந்து ஒரு நாள் உக்காருங்க, பெறகு சிரிங்க.

முதல்ல வெள்ளை உப்பு, கடைசியாத்தான் வெள்ளிப் பவுடர்னு நாங்க சொல்ற அலுமினியப் பொடி. நாலு வருசத்துல ஒரு நாள்கூட மாறுனதில்ல. அன்னைக்கு அவன் எடுத்ததுமே வெள்ளிப் பவுடர் டப்பாவத் தூக்குனான். எனக்கு உச்சந்தலையிலருந்து வேர்த்துச்சு. உள்ளங்கையக் காட்டி நிறுத்துனேன். நின்னான். என்னையப் பார்த்துச் சிரிச்சான். அந்தச் சிரிப்பப் பார்த்ததும் எந்திரிச்சு ஓடிரலாமான்னு இருந்துச்சு. ஓடவும் கூடாது, அங்க ஓடுறவன் காலே எமன். டப்பாவ அவன் கையிலருந்து பைய வாங்கிக் கீழ வச்சேன். குடுத்துட்டான். முரண்டு பண்ணல. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். பயந்தவனுக்கு எங்க புத்தி வேலை செய்யுது?

உப்பப் போட்டுச் சலிக்க ஆரம்பிச்சான். கை சரியாத்தான் போச்சு. ரெண்டு, மூணு சுத்து. நாலாவது சுத்துல சல்லடை ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு. அவனும் அதோட சேர்ந்து சாஞ்சான். கண்ணு தெறந்துதான் இருக்கு, ஆனா அதுல அவன் இல்ல. சல்லடை விளிம்பு தட்டு விளிம்புக்கு ரெண்டு விரக்கடை தூரம்.

நான் அடியில கையக் குடுத்துச் சல்லடையத் தாங்கிட்டேன். இன்னொரு கை அவன் நெஞ்சுல. அப்படியே நின்னேன், இல்ல, குனிஞ்சவாக்குல இருந்தேன். கத்தக் கூடாது. கத்துனா அந்தப் பக்கம் நாலு பொம்பளைக பதறி எந்திரிப்பாக, பதறுன கை எதையாவது தட்டும். என் கண்ணுக்குள்ள வேர்வ ஓடுது, தொடைக்க கை இல்ல. நாலு வருசத்துல மொத தடவையா அந்த ரூம்ல பேசினேன்.

"அருளு. கைய விடு. எங்கிட்ட குடு."

விரலத் தளர்த்துனான். எம் பக்கம் தலையத் திருப்பி, சின்னப் பிள்ள மாதிரிக் கேட்டான்: "பாலா, மேட்ச் எப்பல?"

கோவம் இல்லடா சாமி, இவனுக்குக் கோவமே இல்ல. நேத்து நடந்த எதுவும் இவன் தலையில இல்ல. 'ஒண்ணும் தெரியாது'ன்னு வாசல்ல சொன்னது நெசந்தான். என் கோவத்த அவன் மூஞ்சியில ஏத்தி வச்சுப் பார்த்துக்கிட்டு, செத்துக்கிட்டிருக்கவன எதுக்க உக்கார வச்சு மருந்து சலிக்க விட்டிருக்கேன்.

சல்லடைய இறக்கி வச்சு, அவனக் கக்கத்துல கையக் குடுத்து, அடி மேல அடி வச்சு வெளிய கொண்டாந்தேன். வேப்ப மரத்தடிக்கு வந்ததும் வாந்தி எடுத்தான். வேலுச்சாமி அண்ணாச்சி ஓடி வந்தாரு. வேன எடுக்கச் சொல்லி அய்யப்பனுக்குக் குரல் குடுத்தாரு.

வேன்ல பின்னாடி நானும் அவனும், முன்னாடி அய்யப்பன். கொஞ்ச தூரம் போனதும் அருள்பாண்டி கேட்டான்: "தல ஏம்ல இப்படி வலிக்கு? மேட்ச் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"எனக்கு என்ன ஆச்சு?"

அவன் தல என் தோள்ல கெடக்கு. எனக்கு அடக்க முடியல. "நான் இடிச்சுட்டேம்ல. முழங்கையால. நீ கை நடுங்குறதச் சொன்னேல்லா, ஆத்திரத்துல இடிச்சுட்டேன்."

தலையத் தூக்கி என்னையப் பார்த்தான். "நீயால?"ன்னான். கண்ணு கலங்கிருச்சு. "அதையா நான் சொன்னேன்? அதச் சொல்லியிருக்கக் கூடாதே"ன்னான். சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். என்னைய அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அய்யப்பன் கண்ணாடி வழியா மொறைச்சான். "வாய மூடுல நாயே. ஊரு மானத்த வாங்காத."

ரெண்டு கிலோமீட்டர் போயிருக்காது. அருள்பாண்டி மறுபடி சாஞ்சான். "பாலா, தல ஏம்ல வலிக்கு? மேட்ச் முடிஞ்சிருச்சா? எனக்கு என்ன ஆச்சு?"

அதே கேள்வி, அதே குரலு. இப்பச் சொன்னது அதுக்குள்ள போயிருச்சு. அய்யப்பன் திரும்பாமலே சொன்னான்: "அவனுக்கு ஒண்ணும் நிக்காதுல. பந்து பட்டுச்சுன்னு சொல்லு. எல்லாத்துக்கும் நல்லது."

"பந்து பட்டுச்சு அருளு"ன்னேன்.

"அதான பார்த்தேன்"ன்னு சிரிச்சான். என் கையப் பிடிச்சுக்கிட்டான். அந்தச் சிரிப்பு எனக்கு எம்புட்டு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா? அத நெனைச்சாத்தான் இப்ப என்னைய எனக்கே பிடிக்கல.

சிவகாசி ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, எப்படி மயங்குனாருன்னு. அய்யப்பன் முந்திக்கிட்டு, "வெயில் சார். காலையில சாப்பிடாம வந்துட்டான்"ன்னான். டாக்டர் நாடியப் பிடிச்சாரு, குளுக்கோஸ் ஏத்துங்கன்னாரு. நர்ஸ் பாட்டில் மாட்டுற கம்பிய நகட்டிக்கிட்டு வந்துட்டா. அருள்பாண்டி கட்டில்ல கெடந்து மறுபடியும், "பாலா, எனக்கு என்னல ஆச்சு?"ன்னான். இந்தத் தடவ நாக்கு குழறுச்சு. இடது கண்ணு மட்டும் பாதி மூடியிருந்துச்சு.

அய்யப்பன் என் காலை மிதிச்சான். நல்லாவே மிதிச்சான்.

"நேத்து சாயங்காலம் நான் முழங்கையால பொட்டுல இடிச்சேன் டாக்டர். வேணும்னேதான் இடிச்சேன். டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு. அதுலருந்து இவனுக்கு எதுவும் ஞாபகம் இல்ல"ன்னேன்.

டாக்டர் முகம் மாறிருச்சு. "இத மொதல்லயே சொல்றதுக்கென்னய்யா?"ன்னு கத்துனாரு. ஸ்கேனுக்குத் தள்ளிக்கிட்டு ஓடுனாக. திரும்பி வந்து, மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சு கட்டி நிக்கு, உடனே மதுரைக்குக் கொண்டு போகணும், நேத்து ராத்திரியே வந்திருந்தா இவ்வளவு தூரத்துக்கு விட்டிருக்க வேண்டாம்னாரு. அய்யப்பன் வேன எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ஊருக்குள்ள எனக்கு என்ன காத்துக்கிட்டிருக்குன்னு அவன் போற வேகத்துலயே தெரிஞ்சுச்சு. அதுக்கு நான் பயப்படல. பயப்பட அன்னைக்கு வேற இருந்துச்சு.

அச்சங்குளத்துலருந்து இசைவாணி வந்து சேரவும் ஆம்புலன்ஸ் கெளம்பவும் சரியா இருந்துச்சு. வேலைக்குப் போன சேலையோட, தீப்பெட்டிப் பசை காஞ்ச கையோட ஓடி வந்திருந்தா. அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவுல அவன். அருள்பாண்டி இப்ப எதுவும் கேக்கல. கண்ணு தெறக்கல. மூக்கு மேல வச்ச மாஸ்க்கு மட்டும் மூச்சுக்கு மூச்சு மங்கித் தெளியுது. அந்த மங்கல் கொஞ்சம் பிந்துனா எனக்கு உயிர் போயிட்டு வருது. கேளுல, இன்னொரு தடவ கேளு, நூறு தடவ கேட்டாலும் சொல்லுதேன்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டே அவன் கையப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்.

விருதுநகர் தாண்டுனதும் இசைவாணிதான் பேசுனா. "ராத்திரியே ரெண்டு தடவ வாந்தி எடுத்தாகண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு எங்க ஊர்க்காரவுக கார் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டாக. இவுக ஏற மாட்டேன்னுட்டாக."

"ஏம்மா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா அடிபட்டதுன்னு எழுதுவாக, போலீசு வரும், பாலகுரு பேரு வரும்னாக. எல்லாரும் பாலகுருதான் இடிச்சான்னு இவுககிட்ட சொல்லுதாக. இவுகளுக்கு எதுவும் நெனப்பு இல்ல. ஆனா நீங்க சூடம் அணைச்சதச் சொன்னாக பாருங்க, அதோட முடிஞ்சுச்சு. 'நெருப்புலயே சோறு திங்கிறவன் நெருப்புல பொய் சொல்ல மாட்டான், அவன் மேல கேஸ் வரக் கூடாது'ன்னு சொல்லிட்டு சுவத்தப் பார்த்துப் படுத்துக்கிட்டாக. காலையில எந்திரிச்சு ஒண்ணுமில்லன்னு வேலைக்கும் கெளம்பிட்டாக."

வண்டி ஒரு பள்ளத்துல ஏறி இறங்குச்சு. அவ அவன் தலை ஆடாமப் பிடிச்சுக்கிட்டு என்னைய நிமிந்து பார்த்தா.

"அவுக நம்புனது சரிதானண்ணே?"

பந்து பட்டுச்சுன்னு சொல்லலாம். ஆம்புலன்சுக்குள்ள கேக்க வேற யாரு இருக்கா?

"இல்லம்மா. நான்தான் இடிச்சேன்."

அவ கத்தல. அழக்கூட இல்ல. குனிஞ்சு, என் கைக்குள்ள இருந்த அருள்பாண்டி கைய, விரல் விரலாப் பிரிச்சு எடுத்து, அவ மடியில வச்சு முந்தானையால மூடிக்கிட்டா.